பெயரை மறைத்த வைஃபை

“பேரே சொல்லாத ஒண்ணை எப்படிக்கா தேடுறது?” என்று சங்கிலி கேட்டான்.

பௌசியா சர்வர் அறையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். சுவரிலிருந்து வந்த நீலக் கேபிள் ஒன்று அதில் செருகியிருந்தது.

“எங்க இருக்கு?”

“மாடியில, கம்ப்யூட்டர் லேப் பக்கம். சிக்னல் நல்லா வருது. பேர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியா இருக்கு.”

“மறைச்சு வச்சிருக்காங்க.”

“அதான்க்கா கேட்கிறேன். எப்படித் தேடுறது?”

“நீ தேடாதே. அதைத் தேடுற ஆள் ஒருத்தன் இருப்பான். அவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அப்ப காதைத் தீட்டிக்கோ.”

சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் கேட்டால் பதில் வராது என்று சங்கிலிக்குத் தெரியும். மாடிக்குப் போனான்.

*

ஊருக்கு வெளியே இருந்த தனியார் கல்லூரி அது. அங்கே கணினி வழி நுழைவுத் தேர்வு நடக்க இருந்தது. தேர்வு நடக்கும் கட்டடத்தில் வைஃபை எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால் மையத்தை ரத்து செய்துவிடுவார்கள். கல்லூரிக்குத் தெரியாமல் யாராவது வைஃபை பெட்டி எதையாவது மாட்டி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க இவர்கள் இருவரும் வந்திருந்தார்கள்.

பௌசியா இந்த வேலையில் ஊறியவள். கம்பி வழியே தேடுவது அவள் பங்கு. சங்கிலி சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. காற்றில் வருவதைத் தேடுவது அவன் பங்கு. இந்த மாதக் கடைசியில் அவனை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று கம்பெனியில் முடிவெடுப்பார்கள்.

*

லேபுக்குப் பொறுப்பாளர் கனகவல்லி. சாவிக்கொத்து அவரிடம்தான் இருந்தது. அதனால் சங்கிலி போன இடமெல்லாம் அவரும் வந்தார். கதவைத் திறந்துவிடுவார். அவன் முடிக்கும்வரை நிற்பார். பூட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடப்பார்.

லேப்டாப்பை விரித்து, ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தான் சங்கிலி.

“என்ன தம்பி, தீச்சட்டி எடுக்கிறவர் மாதிரி வர்றீங்க,” என்றார் கனகவல்லி.

“கீழ போட்டா சம்பளத்துல பிடிப்பாங்கம்மா.”

“எந்த ஊரு?”

“சாத்தூர் பக்கம்.”

“வீட்ல எல்லாரும் படிச்சவங்களா?”

“நான்தாம்மா முதல்ல.”

“எம் பொண்ணும் அப்படித்தான். இதே காலேஜ்தான், கடைசி வருஷம். நான் இங்க வேலை பார்க்கிறதால ஃபீஸ்ல பாதி கட்டினா போதும். இல்லைன்னா எங்களுக்கு ஏது இன்ஜினியரிங்.”

சங்கிலி தலையாட்டினான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

*

எல்லா வைஃபை பெட்டியும் ‘நான் இன்னார், நான் இன்னார்’ என்று தன் பெயரை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் போன்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

பெயரை மறைத்து வைத்தால் பெட்டி தன் பெயரைச் சொல்லாது. அப்போது போன்தான் வாய் திறந்தாக வேண்டும். ‘இன்னார் இருக்கிறாயா, இன்னார் இருக்கிறாயா’ என்று அது போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே போகும்.

பௌசியா சொன்னது இதைத்தான். சங்கிலி லேப் வாசலில் காத்திருந்தான்.

வகுப்பு முடிந்து மாணவர்கள் கூட்டமாகப் படியிறங்கிப் போனார்கள். அந்த நேரத்தில் திரையில் ஒரு பெயர் வந்தது.

குருவி.

கூட்டத்தில் யாருடைய போன் கூப்பிட்டது என்று தெரியவில்லை. ஆனால் பெயர் கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடக்கிறதா என்று பார்க்க, தன் போனை எடுத்துக் ‘குருவி’ என்று அடித்துச் சேமித்தான். பாஸ்வேர்டு கேட்டது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சிக்னல் கூடும் பக்கமாக நடந்து நடந்து, லேபின் பின்வரிசைக்கு வந்தான். ஸ்டூல் போட்டு ஏறி, பொய்க்கூரையில் ஒரு பலகையைத் தூக்கினான். உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. கல்லூரியின் கேபிள் ஒன்று அதில் செருகியிருந்தது.

“ஐயையோ, இது எப்படி இங்க வந்துச்சு?” என்றார் கனகவல்லி.

“லேப் சாவி வேற யார்கிட்டம்மா இருக்கு?”

“என்கிட்டதான். ஆனா நாள் முழுக்கத் திறந்துதானே கிடக்கு.”

சங்கிலி பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தான். பச்சை விளக்கு அணைந்தது.

திரையைப் பார்த்தான். பெட்டி அணைந்த பிறகும் யாரோ அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குருவி. குருவி. குருவி.

குரல் மிகப் பக்கத்திலிருந்து வந்தது. லேபில் இருந்தது அவனும் கனகவல்லியும் மட்டும்தான்.

கூப்பிட்ட போன் எது என்று அதன் அடையாள எண்ணான முகவரியைப் பார்த்தான். அது மாறி மாறி வந்தது. இப்போதைய போன்கள் அப்படித்தான். தங்களை யாரும் பின்தொடரக் கூடாது என்று முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் முகவரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அவசரப்படக் கூடாது என்று நினைத்தான். ஒரு இடத்தில் கேட்டதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. கவனமாக, ஒவ்வொரு இடமாகச் சோதித்தான்.

கனகவல்லி நூலகத்தைத் திறந்தார். அங்கேயும் குருவி.

கருத்தரங்கு அறையைத் திறந்தார். அங்கேயும் குருவி.

படிக்கட்டில் அவர் மூச்சு வாங்க நின்றார். அங்கேயும் குருவி.

இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

*

தாழ்வாரத்தில் நிர்வாக அதிகாரி திருமேனி எதிரே வந்தார். தேர்வு மையம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலையில் அவர் சாப்பிடக்கூடப் போகவில்லை.

“என்ன தம்பி, ஏதாவது சிக்குச்சா?”

“பெட்டி கிடைச்சிருச்சு சார்.”

“யாரு வச்சது?”

சங்கிலி சற்றுத் தயங்கினான்.

“பெட்டியைக் கண்டுபிடிச்ச உங்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? இன்ஜினியர்தானே நீங்க?”

“கனகவல்லியம்மா போன்தான் சார் அதைத் தேடிக்கிட்டே இருக்கு. அவங்க போற இடமெல்லாம் கேட்குது.”

“நல்லா தெரியுமா?”

“நாலைந்து இடத்துல சோதிச்சுட்டேன் சார்.”

திருமேனி வேறு ஒன்றும் கேட்கவில்லை. தன் அறைப் பக்கம் திரும்பி வேகமாக நடந்தார்.

*

சங்கிலி சர்வர் அறைக்கு வந்தான். நடந்ததையெல்லாம் பௌசியாவிடம் வரிசையாகச் சொன்னான். அதிகாரியிடம் பேசியதை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தான்.

அவள் கேபிளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

“அவங்க இருந்த இடத்திலெல்லாம் கேட்டுச்சு?”

“எல்லா இடத்திலயும்க்கா.”

“அவங்க இல்லாத இடத்துல கேட்டுப் பார்த்தியா?”

“அவங்க இல்லாத இடத்துல எதுக்குக்கா கேட்கணும்?”

பௌசியா எழுந்தாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள்.

“வா.”

விளையாட்டு மைதானத்தின் கடைசிவரை அவனை நடத்திக் கூட்டிப்போனாள். உச்சி வெயில். வாலிபால் கம்பத்தின் நிழலில்கூட ஒரு ஆள் இல்லை. வேலி ஓரமாக ஒரு எருமை மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது.

“இப்ப கேளு.”

லேப்டாப்பைத் திறந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது.

குருவி.

சங்கிலி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

“யாரோ இருக்காங்கக்கா. ரொம்பப் பக்கத்துல.”

“எருமைகிட்ட போன் இருக்கான்னு பார்த்துட்டு வா.”

அவன் எருமையிடம் போகவில்லை. ஆனால் வேலிவரை ஓடிப்போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். கருவேலஞ்செடிதான் இருந்தது. லேப்டாப்பை ஏந்தியபடி திரும்பி வந்தான். நெற்றியிலிருந்து வேர்வை விசைப்பலகையில் சொட்டியது.

“வேலிகிட்டப் போனப்ப சிக்னல் கூடுச்சா?”

“இல்லைக்கா.”

“திரும்பி வந்தப்ப குறைஞ்சுச்சா?”

“இல்லைக்கா. அதே அளவுதான்.”

பௌசியா கையை நீட்டினாள்.

அவன் லேப்டாப்பைக் கொடுத்தான். அதை வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கை நீட்டியபடியே இருந்தது.

சங்கிலி அந்த உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் சட்டைப்பையைப் பார்த்தான்.

போனை எடுத்து அணைத்தான். அவள் கையில் வைத்தான்.

திரையில் குருவி நின்றுபோனது.

*

சங்கிலி சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான்.

“பாஸ்வேர்டு இருக்கான்னு பார்க்க நான்தான் அந்தப் பேரைப் போன்ல போட்டேன். அழிக்கலை.”

“ம்.”

“அவங்க கூடவே வந்தாங்க. நான் போன இடமெல்லாம்.”

“ம்.”

“அதிகாரிகிட்ட சொல்லிட்டேன்க்கா.”

பௌசியா பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“என்ன சொன்னே?”

“அவங்க பேரை.”

எருமை தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் குனிந்தது.

சங்கிலி வேகமாகப் பேசினான். “ரிப்போர்ட்ல சரி பண்ணிரலாம்க்கா. ‘மறுபடி ஆய்வு செய்ததில் அந்த அழைப்பு உறுதிப்படவில்லை’ன்னு ஒரு வரி போட்டா போதும். தப்புன்னு போட வேண்டாம். நம்ம கம்பெனிக்கும் கெட்ட பேர் வராது. நாளைக்கு அனுப்பினாக்கூட அவங்களுக்குப் புரிஞ்சிரும். என்னக்கா?”

“அவர்கிட்ட எழுதியா கொடுத்தே?”

“இல்லைக்கா. வாயாலதான் சொன்னேன்.”

பௌசியா தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடினாள். அவன் போனையும் லேப்டாப்பையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

‘வாயாலதான் சொன்னேன்’ என்று தான் சொன்னதையே சங்கிலி இன்னொரு முறை நினைத்துப் பார்த்தான்.

அவன் கட்டடத்தை நோக்கி நடந்தான். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

*

திருமேனியின் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று ஒரு கணம் நின்றான். மாதக் கடைசி நினைவுக்கு வந்தது. வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று நினைத்தான். பிறகு உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

“எம் போன் இந்தா இருக்கு சார். நீங்களே பாருங்க. அப்படி ஒரு பேரே இதுல இல்லை.”

“அழிச்சிருப்பீங்க. இன்ஜினியர் பொய் சொல்வாராம்மா? வேலையை விடுறேன்னு நீங்களா எழுதிக் கொடுத்துட்டுப் போனா மரியாதையா முடிஞ்சிரும்.”

“பொண்ணு கடைசி வருஷம் சார்.”

“அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்.”

சங்கிலி உள்ளே போனான். கனகவல்லி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. சாவிக்கொத்து மேசைமேல் கிடந்தது.

“வாங்க தம்பி,” என்றார் திருமேனி. “நீங்களே சொல்லுங்க இவங்ககிட்ட.”

“அது என் போன் சார்.”

“எது?”

“குருவின்னு கூப்பிட்டது. இவங்க போன் இல்லை. என்னோடது.”

திருமேனி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “அப்ப அந்தப் பெட்டி உங்களதா?”

“பெட்டி என்னோடது இல்லை சார். சோதிச்சுப் பார்க்கிறதுக்காக அந்தப் பேரை என் போன்ல போட்டேன். அதை மறந்துட்டேன். அதுக்கப்புறம் என் போன்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. நான் போன இடமெல்லாம் இவங்க வந்ததால இவங்கன்னு நினைச்சுட்டேன்.”

லேப்டாப்பை மேசையில் திருப்பி வைத்தான். தன் போனை உயிர்ப்பித்தான். சற்று நேரத்தில் திரையில் குருவி வந்தது. போனை அணைத்தான். குருவி போனது. மறுபடி உயிர்ப்பித்தான். மறுபடி வந்தது. போனில் அந்தப் பெயரை எடுத்து, மூவரும் பார்க்க அழித்தான்.

இப்போது அறையில் மூன்று போன்கள் இருந்தன. திரை அமைதியாக இருந்தது.

பௌசியா வந்து கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

“சரி,” என்றார் திருமேனி. “அப்ப யாருதான் வச்சது?”

“தெரியாது சார்.”

“தெரியாதா?” அவர் பௌசியாவைப் பார்த்தார். “என்ன மேடம், உங்க ஆளு தெரியாதுங்கிறாரு. இதுக்கா உங்களை வரச் சொன்னது?”

“பெட்டியைக் கண்டுபிடிக்கத்தான் வரச் சொன்னீங்க சார்,” என்றாள் பௌசியா. “கண்டுபிடிச்சுட்டான்.”

திருமேனி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தார்.

“நான் மேல பதில் சொல்லணும் தம்பி. ஒண்ணு, இவங்கதான்னு சொல்லணும். இல்லை, இவங்க இல்லைன்னு சொல்லணும். நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க, ‘கனகவல்லிக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை’ன்னு. நான் இதோட விட்டுடுறேன்.”

சங்கிலி உடனே உட்கார்ந்தான். ரிப்போர்ட்டைத் திறந்தான். ஒரே ஒரு வரி. கனகவல்லியைக் கொண்டுவந்து இந்த மேசைக்கு முன்னால் நிறுத்தியது அவன்தான். அந்த வரி அவரை வெளியே கொண்டுபோய் விட்டுவிடும்.

‘கனகவல்லிக்கும்’ என்று அடித்தான்.

கை நின்றது.

அவரைப் பார்த்தான். அவர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பௌசியாவைப் பார்த்தான். அவள் தாழ்வாரத்தில் போகும் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி அடித்த வார்த்தையை அழித்தான்.

“என்ன தம்பி?”

“அதுவும் எனக்குத் தெரியாது சார்.”

கனகவல்லியின் முகம் மாறியது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

“இவங்க போன் கூப்பிட்டு நான் கேட்கலை. அதை எழுதுறேன். இவங்கன்னு உங்ககிட்ட சொன்னது என் தப்பு, அதுக்குக் காரணம் என் போன். அதையும் எழுதுறேன். பெட்டியை யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. அதையும் எழுதுறேன்.”

“இதை வச்சு நான் என்ன முடிவெடுக்கிறது?”

சங்கிலி ரிப்போர்ட்டைப் பார்க்கக் குனிந்தான்.

கனகவல்லி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.

“எழுதுங்க தம்பி,” என்றார். “நீங்க கேட்டதை மட்டும் எழுதுங்க. மீதியை நான் பேசிக்கிறேன்.”